படத்துக்குப் பக்கத்தில் நின்றவர்

அந்த அக்காவைச் சந்தித்த முதல் பத்து நிமிடத்துக்குள் அவர் என்னை நான்கு முறை திருத்தினார்.

மழை பெய்தால் வீடு ஒழுகுமா என்று கேட்டேன். "வீடு ஒழுவாது. அதோ, அந்த மூல ஒண்டி ஒழுவும்" என்றார். ஒரு வேளைதான் சாப்பாடா என்று கேட்டேன். "யார் சொன்னது? ரெண்டு வேள. காத்தால கூழு, ராவுக்குச் சோறு. மத்தியானம் பசங்க ஸ்கூல்ல துன்னும். மாங்கா சீசன்ல எனக்கும் மூணு வேள." நோட்டில் 'கூலி வேலை' என்று எழுதினேன். எட்டிப் பார்த்தார். "என்னா எழுதின? கூலியா? அப்டி மொத்தமா எழுதாத சார். சீசன்ல மாங்கா ஃபேக்டரி, அப்பால வேர்க்கடல புடுங்கறது, அதுவும் இல்லன்னா சூளையில கல்லு அறுக்கறது. மூணும் ஒண்ணா?" பெண்ணுக்குப் பத்து வயதா என்றேன். "பத்து முடிஞ்சி மூணு மாசம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் எரிச்சலும் வந்தது. காலையில் திருப்பதியிலிருந்து கிளம்பி அன்றைக்கு நான் போன ஆறாவது வீடு அது. மற்ற ஐந்து வீடுகளிலும் நான் கேட்டதற்கெல்லாம் "ஆமாம் சார்" என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதக் கூடாது என்று அவர் சொன்னதில்லை. அவரைப் பற்றி ஒரே ஒரு வார்த்தையைத் தவறாக எழுதிய கை இது. அந்தப் பெயரையும் இதே கையால் எழுதக் கூச்சமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நான் திருத்தணிக்காரன். திருப்பதியில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாணம், காதுகுத்து என்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஏழெட்டு வருடங்களுக்கு முன் அங்கிருந்த ஓர் அறக்கட்டளையிலிருந்து கூப்பிட்டார்கள். சித்தூர் மாவட்டத்துக் கிராமங்களில் நாற்பது ஏழைக் குடும்பங்களை அவரவர் வீட்டு முன்னாலேயே நிற்க வைத்துப் படம் எடுக்க வேண்டும். எல்லாம் கருப்பு வெள்ளை. திருப்பதியில் கண்காட்சி வைப்பார்கள், சிறிய புத்தகமாகப் போடுவார்கள், பார்க்கிறவர்கள் உதவுவார்கள். மாலையும் கழுத்துமாக ஒரே மாதிரி ஜோடிகளை எடுத்து எடுத்து அலுத்துப்போயிருந்த எனக்கு அந்தக் 'கருப்பு வெள்ளை' என்ற வார்த்தையே தலைக்கு ஏறிவிட்டது. நான் பிறந்ததே இந்தப் படங்களை எடுக்கத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவின் வீடு கார்வேட்டிநகரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரத்தில் இருந்த ஒரு காலனியில் இருந்தது. அரசாங்கம் கட்டிக் கொடுக்க ஆரம்பித்து, பூச்சு வேலைக்கு முன்னால் நின்றுபோன வீடு. செங்கல் தெரியும் சுவர், மேலே சிமெண்டு ஷீட். வெளியே கல் கூட்டிய அடுப்பு. அக்காவுக்கு முப்பத்து நான்கு, முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு பெண், ஆறு வயதில் ஒரு பையன். தமிழ் பேசுகிற குடும்பம். ஆனால் அவர் ஐந்தாவது வரை படித்தது தெலுங்கில். தமிழ் எழுத்து தெரியாது, தெலுங்கை எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

படம் எடுக்கத் தயாரானபோது, பையனின் சட்டையைக் கழற்றிவிடச் சொன்னேன். அப்போதுதான் வெயில் முகத்தில் நன்றாக விழும் என்று ஒரு காரணமும் சொன்னேன்.

"சட்ட போட்டுக்கினு இருந்தா வெயில் மூஞ்சில வுழாதா சார்?"

நான் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தேன். அதற்குள் பக்கத்து வீட்டம்மா ஓடி வந்தார். நல்ல மனதுடன்தான் வந்தார். கையில் அவருடைய பட்டுப் புடவை. போட்டோவில் நன்றாக இருக்கும், கட்டிக்கொள் என்றார். அக்கா புடவையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"உம் பொடவைய கட்டிக்கினு நின்னா அது நானா, நீயா? எடுத்துக்கினு போ."

அவரை ரோஷக்காரி என்று அன்று நான் நினைத்தேன். அது தவறு. ரோஷக்காரியாக இருந்திருந்தால் பட்டுப் புடவையைக் கட்டியிருப்பார். அவருக்கு இருந்தது வேறு ஒன்று. தன்னைப் பற்றி யாரும் ஒரு பிடி குறைத்தும் சொல்லக் கூடாது, ஒரு பிடி கூட்டியும் சொல்லக் கூடாது. இருப்பது இருக்கிறபடி இருக்க வேண்டும். ரேஷன் கார்டில் அவருடைய கணவரின் பெயரில் ஓர் எழுத்து மாறிப் போய் வேறு யாருடைய பெயரோ ஆகிவிட்டதாம். எப்படியிருந்தாலும் அரிசி வருகிறதே, விடம்மா என்று ரேஷன் டிப்போக்காரர் சொல்லியிருக்கிறார். இவர் விடவில்லை. தாசில்தார் ஆபீஸ் மாதிரியான எம்.ஆர்.ஓ. ஆபீசுக்கு ஏழு தடவை போனார். ஏழாவது தடவை இவரைக் கேட்டில் பார்த்ததுமே கிளார்க் உள்ளே திரும்பி, "கரெக்ஷன் அம்மா ஒச்சேசிந்தி" என்று தெலுங்கில் கத்தினாராம். வந்துவிட்டாள் என்று அர்த்தம். அன்றைக்கே கார்டு திருந்தியது. காலனியிலும் 'கரெக்ஷன்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. இதை அக்காவே சிரித்துக்கொண்டு சொன்னார்.

அவர் அப்போது சார் என்பதிலிருந்து தம்பிக்கு வந்திருந்தார். "இன்னிக்கி வாணாம் தம்பி" என்றார். "வூட்டுக்காரரு நாயுடுபேட்டையில கம்பெனில வேல செய்றாரு. ரெண்டு வாரத்துக்கு ஒரு தபா வருவாரு. அடுத்த ஞாயித்துக்கெழம வா. நாலு பேரும் நிக்கிறோம்."

"இன்னைக்கு வெயில் நல்லா இருக்குதுக்கா."

"வெயிலு ஞாயித்துக்கெழமயும் வரும்."

எனக்கு இன்னும் மூன்று வீடுகள் பாக்கியிருந்தன. படத்துக்குக் கீழே கணவரைப் பற்றி எழுதிவிடுகிறேன், படத்தில் இல்லாவிட்டால் என்ன என்றேன்.

"எழுதுவ இல்ல?"

"எழுதுவேன்கா."

அவர் என்னையே ஒரு கணம் பார்த்துவிட்டுத் தாலிக் கயிற்றை எடுத்துப் புடவைக்கு மேலே விட்டுக்கொண்டார். புதிய மஞ்சள் கயிறு. பெண்ணை வலப்பக்கமும் பையனை இடப்பக்கமும் நிறுத்தி, நேராக லென்ஸைப் பார்த்தார். நான் எடுத்த நாற்பது படங்களில் அதுதான் மிக நல்ல படம். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவின் குலுக்கலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய தாளை நிரப்பினேன். 'கணவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அன்று அவர் வீட்டில் இல்லை, படத்தில் இல்லை. அதை நினைத்துக்கொண்டு 'இல்லை' என்று எழுதினேன். நாயுடுபேட்டையைப் பற்றிப் பிறகு எழுதலாம் என்று விட்டேன். பிறகு எழுதவில்லை.

அறக்கட்டளையில் பொறுப்பாக இருந்தவர் ஒரு தெலுங்கு அம்மா. ஐம்பது வயதுக்கு மேல். எல்லோரும் மேடம் என்போம். நல்லவர். வெயிலில் கிராமம் கிராமமாக அலைந்து கால் வீங்கியவர். அவர் என் தாளைப் படித்தார். தமிழில் நான் எழுதிய 'இல்லை' தெலுங்கில் 'லேரு' ஆயிற்று. தெலுங்கிலும் ஒரு பெண்ணின் கணவர் 'லேரு' என்றால் இறந்துவிட்டார் என்றுதான் அர்த்தம். புத்தகத்தில் அக்காவின் படத்துக்குக் கீழே, கணவனை இழந்த பிறகு தன்னந்தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் தாய் என்று அச்சாகி வந்தது. கருப்பு வெள்ளையில் அந்த மஞ்சள் கயிறு ஒரு சாம்பல் கோடாக இருந்தது. நான் புத்தகத்தைப் புரட்டியபோது படங்களின் அச்சு எப்படி வந்திருக்கிறது என்று மட்டும் பார்த்தேன்.

புத்தகத்தைக் கிராமத்துப் பள்ளிகளுக்கும் அனுப்பியிருந்தார்கள். ஒரு நாள் மத்தியான இடைவேளையில் ஒரு பெண் அக்காவின் மகளிடம் அந்தப் பக்கத்தைக் காட்டி, "உங்க நைனா செத்துட்டாரா?" என்று கேட்டிருக்கிறாள். மகள் பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடி வந்துவிட்டாள். அவளுக்கு உண்மையிலேயே சந்தேகம் வந்துவிட்டது. அப்பாவைப் பார்த்துப் பத்து நாளாகியிருந்தது. தனக்கு மட்டும் யாரும் சொல்லாமல் மறைக்கிறார்களோ என்று பயந்துவிட்டாள். அக்கா உடனே நாயுடுபேட்டைக்குப் போன் போட்டு, வேலை நேரத்தில் கணவரைக் கூப்பிட வைத்து, மகளிடம் பேச வைத்திருக்கிறார். அதன் பிறகும் அந்தப் பெண் ராத்திரி சாப்பிடவில்லையாம்.

மறுநாள் காலையில் எனக்குப் போன் வந்தது.

"தம்பி, நான்தான். திருப்பதி பஸ் ஸ்டாண்டுல கீறேன். உங்க ஆபீசு எங்க கீது?"

புத்தூர் வந்து பஸ் மாறி வந்திருக்கிறார். பையில் அந்தப் புத்தகம். ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில். நான் அழைத்துக்கொண்டு போனேன். வழியில் அவர் விஷயத்தைச் சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது. நான் எழுதிய அந்த ஒரு வார்த்தை கண் முன்னால் நின்றது. வாயைத் திறக்கவில்லை.

மேடம் அதிர்ந்துபோனார். மன்னிப்புக் கேட்டார். அடுத்த வாரம் நடக்கவிருந்த கண்காட்சியிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிடுகிறேன் என்றார்.

"எடுக்கச் சொல்லல மேடம். திருத்தச் சொல்றேன். போட்டோ நல்லாத்தான் கீது. போட்டோல பொய்யி இல்ல. கீழ எழுதினதுதான் பொய்யி."

மேடம் மெதுவாகச் சொன்னார், பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாக. அப்பா இல்லாத பெண் குழந்தைகளை நல்ல ஹாஸ்டல் பள்ளியில் சேர்ப்பதுதான் இந்த வேலையின் நோக்கம். பட்டியலில் அக்காவின் மகள் பெயரும் இருக்கிறது. புத்தகம் ஏற்கெனவே பலரிடம் போய்விட்டது. கண்காட்சியில் வார்த்தையை மாற்றினால் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்பார்கள். இது தவறு என்றால் மற்ற முப்பத்தொன்பதும் சரியா என்று கேட்பார்கள். பட்டியலிலிருந்து மகளின் பெயரும் போகும்.

"அப்டியே உட்டுட்டா என் பொண்ணுக்கு சீட்டு குடுப்பீங்களா?"

மேடம் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அக்கா எழுந்து வெளியே போனார். வராந்தாவில் இருந்த குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார். இன்னொரு டம்ளர் குடித்தார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாங்காய் ஃபேக்டரியிலும் சூளையிலும் வேலை செய்கிற ஒருவருக்கு அந்த ஹாஸ்டல் சீட்டு என்னவென்று எனக்குத் தெரியும். அவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். திரும்பி வந்து நின்றபடியே பேசினார்.

"எம் பொண்ணு அங்க போயி, தெனமும் எங்க நைனா செத்துட்டாருன்னு சொல்லிக்கினே படிக்கணும். ரெண்டாவது, ஒரு பேப்பர்ல செத்தா அடுத்த பேப்பர்லயும் சாவாரு. நான் பாத்துருக்கேன் மேடம். ஒரு எழுத்த திருத்த ஏழு தபா போனவ நான். உசுரு போச்சின்னு எழுதினா அத திருத்த எத்தினி தபா போறது? வாணாம். திருத்துங்க."

மேடம் யோசிக்கிறேன் என்றார். கிளம்பும்போது, பஸ்ஸில் அலைந்து வந்திருக்கிறாரே என்று அங்கே இருந்த அரிசிப் பை ஒன்றைக் கொடுத்தார். இவர் வாங்க மாட்டார் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டார்.

"அரிசி குடுத்தீங்க, வாங்கிக்கிறேன். தேவ கீது. ஆனா அது வேற, இது வேற." பையைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பிக் கேட்டார். "அந்தக் கண்காட்சி எத்தினி மணிக்கு தொறப்பாங்க?"

கண்காட்சி ஒரு கல்லூரி ஹாலில் மூன்று நாள். படத்துக்குக் கீழே அதே வாசகம்தான் இருந்தது. மேடம் யோசித்து முடிக்கவில்லை. முதல் நாள் காலையில் கதவைத் திறந்தபோது அக்கா வெளியே நின்றுகொண்டிருந்தார். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். நேராகப் போய்த் தன் படத்தைப் பார்த்தார். அவரை அவரே அவ்வளவு பெரிய அளவில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஆனாலும் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, விரலை வைத்து, கீழே இருந்த தெலுங்கு வரிகளை எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டு மூன்று நிமிடம் ஆயிற்று. பின்னால் வந்தவர்கள் காத்திருந்தார்கள். படித்து முடித்ததும் படத்துக்குப் பக்கத்தில் போய், சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார்.

வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். சத்தம் போடவில்லை. கை நீட்டவில்லை. தெலுங்கில் கேட்டவர்களுக்குத் தெலுங்கில், தமிழில் கேட்டவர்களுக்குத் தமிழில். "இது நான்தான். இது எம் பொண்ணு, இது எம் பையன். என் வூட்டுக்காரரு உசுரோட கீறாரு. நாயுடுபேட்டையில வேல. கீழ எழுதினது தப்பு. மத்தது அல்லாம் சரி."

'மத்தது அல்லாம் சரி' என்பதையும் விடாமல் சொன்னார். ஒரு மாணவி, நீங்கள் உண்மையில் ஏழையே இல்லையா என்று கேட்டுவிட்டாள். "ஏழதான். அது தப்புன்னு எங்க சொன்னேன்?" என்றார்.

மலையில் கோயில் கைங்கரியம் செய்கிற வைஷ்ணவப் பெரியவர் ஒருவர் வந்தார். படத்தையும் வாசகத்தையும் பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்பவரையும் பார்த்து உருகிப்போனார். "கவலப்படாதேம்மா. பெருமாள் இருக்கார்" என்றார்.

"பெருமாளும் கீறாரு சாமி, என் வூட்டுக்காரரும் கீறாரு" என்றார் அக்கா.

பெரியவர் திகைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி வாசகத்தைப் படித்தார். பிறகு நேரே மேடத்திடம் போய் ஏதோ கேட்டார். மேடத்தின் முகம் சுருங்கியது.

மறுநாளும் அக்கா வந்தார். மத்தியானம் அவர் வெளியே குழாயடியில் உட்கார்ந்து கொண்டுவந்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அந்தப் படத்தைக் கழற்றிவிட்டார்கள். கழற்றியது நான்தான். மேடம் சொன்னார், நான் கழற்றினேன். அக்கா திரும்பி வந்து வெற்றுச் சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இப்போது படம் இருந்த இடத்திலேயே, ஆணிக்குக் கீழே போய் நின்றார்.

வந்தவர்கள் இங்கே என்ன படம் இருந்தது என்று கேட்டார்கள். "எம் போட்டோ. எடுத்துட்டாங்க. நான் கீறேன் இல்ல, பாருங்க" என்றார். பிறகு பழையபடி சொன்னார். என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார். நாயுடுபேட்டையில் வேலை.

எத்தனை நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. என்னால் அதற்கு மேல் முடியவில்லை. மேடத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு அக்கா முன்னால் போய் நின்று சொன்னேன். இது மேடத்தின் தவறு இல்லை. தாளில் 'இல்லை' என்று எழுதியவன் நான். அக்கா ஆபீசுக்கு வந்த அன்றிலிருந்தே எனக்குத் தெரியும்.

மேடம் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். அக்கா கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"எதுக்கு தம்பி அப்டி எழுதின?"

"வீட்ல இல்லன்னு எழுத வந்தேன்கா. அவசரத்துல..."

"'வூட்ல'ன்னு ஒரு வார்த்த. அத எழுத எத்தினி நேரம் ஆவும்?"

அவர் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. "செரி. இப்ப எழுது" என்றார்.

மேடமே தாளும் பேனாவும் எடுத்துவந்தார். அக்கா சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதினேன், மேடம் தெலுங்கில் எழுதினார். நடுவில் நான் 'மன உறுதி மிக்க தாய்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டுப் படித்துக் காட்டினேன். பரிகாரம் செய்கிற நினைப்பு.

"அத அடி" என்றார். "நான் எப்டிப்பட்டவன்னு நீ எதுக்குச் சொல்ற? என்னா வேல செய்றேன், யார் யாரு கீறோம், அத எழுது. போதும்."

அடித்தேன். தெலுங்குத் தாளை அவரே எழுத்துக் கூட்டிப் படித்தார். தமிழ்த் தாளை ஒரு மாணவியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். அவள் போன பிறகு இன்னொரு பையனைக் கூப்பிட்டு மறுபடி படிக்கச் சொன்னார். இரண்டு பேரும் ஒரே மாதிரி படித்ததும்தான் தலையாட்டினார். படத்தை நானே திரும்ப மாட்டினேன்.

மூன்றாம் நாள் அவர் கணவர் வந்தார். நாயுடுபேட்டையில் நைட் ஷிப்ட் முடித்து, கம்பெனி சட்டையோடு நேரே பஸ் ஏறி வந்திருந்தார். ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். பிள்ளைகளையும் அன்று அக்கா கூட்டிவந்திருந்தார். மகள் அப்பாவின் கையை விடவே இல்லை. பார்க்க வந்தவர்கள் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்ததில் அவருக்கு எங்கே நிற்பது என்றே தெரியவில்லை.

"நான் அப்பவே சொன்னேன் சார், உட்டுடுன்னு" என்றார் என்னிடம். "நான் பேப்பர்லதான செத்தேன்? கேக்க மாட்டா. எங்க காலனில ஒருத்தன் செத்தான். எழவு வூட்ல அல்லாரும் நல்லவன் நல்லவன்னு அழுதுக்கினு கீறாங்க. இவ எழுந்து, நல்லவன்தான், குடிச்சா ஒண்டி பொண்டாட்டிய அடிப்பான்னு சொல்லிட்டா. ஆறு மாசம் அந்தத் தெருவுல எங்ககூட யாரும் பேசல." கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொம்பள ஒண்டி வந்து பேசிக்கினு இருந்தா" என்றும் சொன்னார்.

மனைவியைப் பற்றி அலுத்துக்கொள்கிறாரா, பெருமைப்படுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

நான் நான்கு பேரையும் நிறுத்திப் படம் எடுத்தேன். இந்தத் தடவை யாரிடமும் எதையும் கழற்றச் சொல்லவில்லை.

அதன் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பட்டியலிலிருந்து அவர் மகள் பெயர் போனது. விதி அப்படி, மேடத்தாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. சிலர் கேள்வி கேட்டார்கள், சிலர் உதவியை நிறுத்தினார்கள். மேடம் மற்ற முப்பத்தொன்பது குடும்பங்களுக்கும் மறுபடி ஆள் அனுப்பி ஒவ்வொரு வாசகத்தையும் படித்துக் காட்டச் சொன்னார். இன்னும் நான்கு இடத்தில் தவறு இருந்தது. அவற்றில் இரண்டு நான் செய்தவை. எனக்கு அங்கே அடுத்த வேலை தரவில்லை. அது நியாயம்தான். அக்காவின் மகள் அதே ஊர் அரசுப் பள்ளியில் படித்தாள். இப்போது சித்தூரில் நர்சிங் படிக்கிறாள். ஹாஸ்டல் பள்ளிக்குப் போயிருந்தால் இன்னும் நன்றாகப் படித்திருப்பாளோ என்னவோ. அந்தப் பெண் படிக்கும்போதெல்லாம் அக்கா மூன்று வேலைகளையும் செய்துகொண்டுதான் இருந்தார்.

நான்கு பேரும் நிற்கும் படத்தைக் கொடுக்க, கண்காட்சி முடிந்து ஒரு வாரம் கழித்துக் காலனிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை. கணவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. அன்று ஐந்து படங்கள் எடுத்திருந்தேன். ஐந்திலும் அவர் கண் மூடியிருந்தது. ராத்திரி முழுக்க வேலை செய்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த மனிதர். நான் கிளிக் பண்ணும் நேரம் பார்த்துக் கண் சொருகியிருக்கிறது. ஐந்தையும் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோயிருந்தேன்.

அக்கா ஐந்தையும் தரையில் வரிசையாகப் பரப்பிப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். நடுவில் இருந்ததை எடுத்தார். மகள் அதில் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது."

"அக்கா, கண்ண கம்ப்யூட்டர்ல தொறந்து வச்சிக் குடுத்துடறேன். ரெண்டு நாள் டைம் குடுங்க."

"யார் கண்ண?"

"அவரு கண்ணதான்கா. அவரோட பழைய போட்டோ ஏதாவது குடுத்தா அதுலருந்து எடுத்து வைக்கலாம்."

"அன்னிக்கி அவரு கண்ணு மூடிக்கினுதான இருந்தாரு?"

"ஆமாம்கா. ஆனா..." எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். எங்கள் பக்கத்தில் கண் மூடிய மனிதனின் படம் சுவரில் இருந்தால், செத்த பிறகு எடுத்தது என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். இவ்வளவும் நடந்த பிறகு அப்படி ஒரு படத்தை நானே கொடுக்க வேண்டுமா? "பாக்கறவங்க மறுபடியும் தப்பா நெனச்சிக்கப் போறாங்க அக்கா."

அவர் படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். உள்ளே தூங்குகிறவர் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.

"நின்னுக்கினு கீறாரு இல்ல தம்பி. செத்தவன் எங்கனா நிப்பானா?"